பெயருக்கு வரி

நம் வீடுகளில் தேங்காயெண்ணெய் இரண்டு இடங்களில் இருக்கும். சமையலறை அலமாரியில் ஒரு புட்டி. கூடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு புட்டி. பல வீடுகளில் இரண்டும் ஒரே கடையில் வாங்கிய ஒரே எண்ணெயாகத்தான் இருக்கும். அவசரத்துக்குப் பாட்டி சமையலறைப் புட்டியிலிருந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து பேத்தியின் தலையில் தேய்த்தால், ஏன் என்று கேட்பார் யாருமில்லை. ஆனால் வரி வசூலிக்கும் இலாகா அவ்விதம் சும்மா இருந்துவிட முடியாது. "இந்தச் சிறு புட்டியில் இருப்பது சமையல் எண்ணெயா, கூந்தல் தைலமா?" என்று அது கேட்டே தீரவேண்டும். ஏனெனில், தீர்வை ஜாபிதாவில் தேங்காயெண்ணெய்க்கு 1513 என்பது தலைப்பு. கூந்தல் தைலத்துக்கு 3305 என்பது தலைப்பு. தலைப்பு மாறினால் வரியும் மாறிவிடும்.

சேலம் மத்திய எக்ஸைஸ் கமிஷனர் தொடர்ந்த இந்த வியாஜ்யம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்றது. 2018-இல் இரண்டு நீதிபதிகள் அதை விசாரித்து இரண்டு விதமாக அபிப்பிராயம் கூறினார்கள். பிறகு 2024 டிசம்பர் 18-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் சேர்ந்து, சுத்தமான தேங்காயெண்ணெய் சிறு புட்டியில் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதனால் மட்டும் கூந்தல் தைலமாகிவிடாது என்று தீர்ப்பளித்தார்கள். பாட்டிக்கு ஒரு நொடியில் விளங்கியிருந்த விஷயம் கோர்ட்டுக்கு விளங்கப் பல வருஷங்கள் சென்றன.

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதே கேள்வி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கும் ஒரு வஸ்துவைக் குறித்துக் கேட்கப்பட்டு வருகிறது. அதன் விடையைப் பொறுத்துப் பல்லாயிரம் கோடி ரூபாய் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்கிறது. அந்த வஸ்து செல்போன். கேள்வி, அதற்குள்ளே இருக்கும் உறுப்புகளின் பெயர் என்ன என்பது.

* * *

ஒரு சரக்குக் கப்பலிலோ விமானத்திலோ நம் தேசத்துக்கு வந்து இறங்கினால், இறக்குமதி செய்பவர் "பில் ஆப் என்ட்ரி" என்னும் பத்திரத்தில் அதன் பெயரையும், அந்தப் பெயருக்குரிய எண்ணையும் எழுதித் தரவேண்டும். அந்த எண்ணை நம் சர்க்கார் தானே இஷ்டப்படி ஏற்படுத்திக்கொள்ளவில்லை. 1983-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஏற்பட்டு, 1988 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த ஒரு சர்வதேச உடன்படிக்கையின்படி உலக வியாபாரத்திலுள்ள பொருள்கள் எல்லாம் 21 பிரிவுகளாகவும், 97 அத்தியாயங்களாகவும் வகுக்கப்பட்டிருக்கின்றன. முதல் அத்தியாயத்தில் உயிருள்ள மிருகங்கள். காப்பியும் தேயிலையும் 9-ஆம் அத்தியாயம். கடைசியாகிய 97-இல் சித்திரங்கள், சிற்பங்கள், புராதனப் பொருள்கள். 77-ஆம் அத்தியாயம் மாத்திரம், இனிமேல் வரப்போகும் ஏதோ விருந்தாளிக்காக இலை போட்டு வைத்ததுபோல் காலியாக இருக்கிறது.

எண்ணைப் படிக்கும் முறை நம் தபால் பின்கோடு போன்றதே. பின்கோட்டின் முதல் இலக்கம் பிராந்தியத்தைக் காட்டும். போகப் போகக் கடைசியில் தபாலாபீஸ் தெரியும். அதுபோலவே தீர்வை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் அத்தியாயம். அடுத்த இரண்டு தலைப்பு. அதற்கடுத்த இரண்டு உட்தலைப்பு. இந்த ஆறு இலக்கங்களும் உலகத்துக்குப் பொது. நம் தேசத்தில் இன்னும் இரண்டு சேர்த்து எட்டு இலக்கமாக எழுதுகிறோம். மின்சார யந்திரங்களுக்குரிய 85-ஆம் அத்தியாயத்தில் 17-ஆவது தலைப்பு டெலிபோன். ஆகவே 8517 என்றால் உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் டெலிபோன்தான்.

இவ்வளவு ஒழுங்காக இருந்தும், காலம் ஜாபிதாவை விட வேகமாக ஓடுகிறது. 2007-க்கு முன்பு செல்போனுக்கு 8517-இல் இடமில்லை. வானொலி அலைகளை அனுப்பும் கருவிகளோடு சேர்த்து 8525 என்ற தலைப்பில் அதை உட்கார வைத்திருந்தார்கள். 2007-ஆம் வருஷத்துத் திருத்தத்தில்தான் அது டெலிபோன் ஜாதியில் சேர்க்கப்பட்டது. ஸ்மார்ட்போனுக்கென்று 8517.13 என்ற தனி உட்தலைப்பு ஏற்பட்டதோ 2022 ஜனவரி முதல் தேதியில். உலகம் முழுவதும் அதைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்து எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகுதான் அதற்கு நாமகரணம் நடந்தது!

* * *

முழு டெலிபோனுக்குப் பெயரிடுவது சுலபம். அதைக் கழற்றிப் போட்டால்தான் தொல்லை தொடங்குகிறது.

மேஜைமேல் ஒரு செல்போனைப் பிரித்து வைத்திருப்பதாக வாசகர்கள் பாவித்துக்கொள்ளட்டும். எல்லாவற்றையும் "டெலிபோன் உறுப்பு" என்று ஒரே பெயரால் சொல்லிவிடலாமே என்று தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. யந்திர உறுப்புகளைப் பற்றிய விதி முதலில் கேட்பது இதுதான்: "இந்த உறுப்புக்கு ஜாபிதாவில் சொந்தமாக ஒரு தலைப்பு உண்டா?" உண்டென்றால், அது எந்த யந்திரத்துக்குள் போகப்போகிறதென்பதைப் பற்றிக் கவலையில்லை, அது தன் சொந்த வீட்டுக்கே போகவேண்டும். லிதியம் பாட்டரி 8507. சார்ஜர் 8504. மைக்கும் ஸ்பீக்கரும் 8518. கெப்பாஸிட்டர் 8532, ரெஸிஸ்டர் 8533, உறுப்பு ஏற்றப்படாத வெறும் சர்க்யூட் பலகை 8534, டிரான்ஸிஸ்டர் 8541. மூளையாக விளங்கும் ஐ.ஸி. என்ற சில்லு 8542. டெலிபோனுக்கென்றே விசேஷமாகச் செய்யப்பட்ட சில்லாக இருந்தாலும் அது சில்லுதான். இரும்புத் திருகாணியின் கதை இன்னும் வேடிக்கை. அது மின்சார அத்தியாயத்திலேயே சேராது. இரும்புச் சாமான்களோடு 7318-க்குப் போய்விடும்.

சொந்தத் தலைப்பு இல்லாமல், டெலிபோனுக்கே முழுவதுமோ முக்கியமாகவோ உபயோகப்படும் உறுப்புகள் மட்டுமே டெலிபோன் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றில் ஆன்டென்னாவுக்கு 8517.71, மற்றவற்றுக்கு 8517.79.

இவற்றோடு இன்னொரு விதியும் உண்டு. ஒரு பொருள் அரைகுறையாக இருந்தாலும், முழுப் பொருளின் முக்கிய லட்சணம் அதில் வந்துவிட்டதானால், அதை முழுப் பொருளாகவே கொள்ளவேண்டும். ஆகையால் பாட்டரியை மட்டும் எடுத்துவிட்டு, "இது டெலிபோன் அல்ல" என்று சாதிக்க முடியாது. ஒரே சரக்காக எல்லா உறுப்புகளையும் பிரித்துக் கொண்டுவந்து, "இவை உதிரிச் சாமான்கள்" என்று சொல்வதும் செல்லாது.

பெட்டியோடு வரும் சார்ஜர் டெலிபோனில் சேர்த்தியா இல்லையா என்ற கேள்வியும் ஒரு சமயம் எழுந்தது. அது சுங்க வழக்கன்று. பஞ்சாப் மாகாணத்து விற்பனை வரி வழக்கு. டெலிபோனுக்குக் குறைந்த வரி, சார்ஜருக்கு அதிக வரி. ஒரே பெட்டி, ஒரே விலை. 2014 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு, சார்ஜர் டெலிபோனின் அங்கம் அல்ல, துணைப் பொருள்தான் என்று தீர்மானித்து, அதற்குத் தனியாக அதிக வரி விதித்தது சரியென்றது. சாதாரண மனிதருக்கு, சார்ஜர் இல்லாத டெலிபோன் இரண்டாம் நாள் வெறும் கண்ணாடித் துண்டு. சட்டத்துக்கோ அது வேறு, இது வேறு.

* * *

இந்த நுணுக்கமெல்லாம் எதற்கு? ஒரே விகிதத்தில் எல்லாவற்றுக்கும் தீர்வை போட்டுவிட்டால் பெயர்ச் சண்டையே இராதே என்று வாசகர்கள் கேட்கலாம். அவ்விதம் செய்யாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது சுதேசிக் காரணம்.

2017 ஜூலை முதல் தேதி நம் சர்க்கார் வெளிநாட்டுச் செல்போனுக்கு நூற்றுக்குப் பத்து தீர்வை விதித்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் அது பதினைந்தாயிற்று. 2018 பிப்ரவரி பட்ஜெட்டில் இருபது. இதற்கு இணையாக உறுப்புகளுக்கும் படிப்படியாக ஒரு திட்டம் போட்டார்கள். முதலில் சார்ஜர், பாட்டரி, பிறகு மைக், விசைப்பலகை போன்றவை, பிறகு உறுப்புகள் பற்றவைத்த சர்க்யூட் பலகை, காமிரா, அப்பால் டிஸ்பிளே. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு உறுப்புக்குத் தீர்வையை ஏற்றி, அந்த உறுப்பைச் செய்யும் தொழிலை இங்கே இழுத்துக்கொள்வதென்பது யோசனை.

உதாரணமாகச் சர்க்யூட் பலகையைப் பாருங்கள். சில்லு, கெப்பாஸிட்டர், ரெஸிஸ்டர், வெறும் பலகை ஆகியவை தனித்தனியே வந்தால், உலக உடன்படிக்கை ஒன்றின்படி அவற்றுக்குத் தீர்வை இல்லை. அவற்றையே வெளிநாட்டில் பலகைமேல் பற்றவைத்துக் கொண்டுவந்தால், 2018 ஏப்ரலில் நூற்றுக்குப் பத்தும், 2020 ஏப்ரலில் இருபதும் கொடுக்கவேண்டியதாயிற்று. பொருள்கள் மாறவில்லை, இடையில் நடந்தது ஈயப்பற்று வைக்கும் வேலை ஒன்றுதான். அந்த வேலையை ஷென்ஜெனில் செய்வதா, ஸ்ரீபெரும்புதூரில் செய்வதா என்பதே அந்தத் தீர்வையின் உட்பொருள். இங்கே செய்தால், மெஷின் முன்னால் நிற்கும் கிராமத்துப் பெண்ணுக்குச் சம்பளம். ஜாபிதாவின் ஓர் எண்ணுக்குப் பின்னால் அந்தப் பெண்ணின் சம்பளம் இருக்கிறது.

பலனும் இல்லாமற் போகவில்லை. சர்க்கார் கணக்கின்படி, 2014-15-இல் நம் தேசத்தில் உற்பத்தியான செல்போன்களின் மதிப்பு சுமார் 18,900 கோடி ரூபாய்; 2023-24-இல் அது சுமார் 4 லட்சத்து 22 ஆயிரம் கோடி. தீர்வையே இதற்கு முழுக் காரணம் என்று சொல்வதற்கில்லை. 2020-இல் தொடங்கிய உற்பத்தி ஊக்கத் தொகையும், சீனாவை மட்டும் நம்பியிருக்கக்கூடாதென்று பெரிய கம்பெனிகளுக்கு ஏற்பட்ட எண்ணமும் சேர்ந்தே இதைச் செய்தன. ஆயினும் தீர்வைக்கும் இதில் பங்குண்டு என்பதை மறுக்கலாகாது.

* * *

தீர்வை ஜாபிதாவில் ஒரு தேசத்தின் தலையெழுத்து எழுதப்படலாம் என்பது நமக்குப் புதிய பாடமும் அன்று. 1894 டிசம்பரில் அந்நிய சர்க்கார், பணமுடையினால், இறக்குமதியாகும் பருத்திச் சாமான்களுக்கும் தீர்வை விதிக்க நேர்ந்தது. லங்காஷயர் ஆலை முதலாளிகள் கூச்சலிட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, இந்திய ஆலைகளில் நூற்கும் நூலின்மேலும் எக்ஸைஸ் வரி போடப்பட்டது. எந்த நூலுக்கு? 20-ஆம் நம்பருக்கு மேற்பட்ட நூலுக்கு. நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும் என்பதும், லங்காஷயர் சரக்கு போட்டியிட்டது மெல்லிய நூலில்தான் என்பதும் வாசகர்கள் அறிந்ததே. ஆக, ஜாபிதாவில் எழுதிய ஓர் எண், "இதற்குமேல் நீங்கள் நன்றாக நூற்கக்கூடாது" என்று நம்மவர்களுக்குச் சொல்லிற்று. 1896-இல் அதை மாற்றி, இந்திய ஆலைத் துணியின்மேல் நூற்றுக்கு மூன்றரை விதித்தார்கள். தாதாபாய் நௌரோஜி காலத்துத் தேசபக்தர்கள் எழுப்பிய கண்டனம் முப்பது வருஷம் ஒலித்த பிறகு, 1925 டிசம்பரில் அது நிறுத்தப்பட்டு, 1926-இல் ரத்தாயிற்று.

அதற்குச் சற்று முன்னதாக, 1922-இல், இந்திய நிதிக் கமிஷன் தன் ரிப்போர்ட்டில் பாதுகாப்புத் தீர்வைக்கு மூன்று நிபந்தனைகள் கூறியது. அந்தத் தொழிலுக்கு இந்த நாட்டில் இயற்கையான சௌகரியங்கள் இருக்கவேண்டும். பாதுகாப்பு இல்லாவிட்டால் அது வளராது, அல்லது போதிய வேகத்தில் வளராது என்று தெரியவேண்டும். மூன்றாவதாக, அது ஒரு நாள் பாதுகாப்பே இல்லாமல் உலகப் போட்டியை எதிர்த்து நிற்கக்கூடியதாக இருக்கவேண்டும். அந்நிய ஆட்சியில் எழுதப்பட்டதாயினும், மூன்றாவது நிபந்தனை எக்காலத்துக்கும் பொருந்தும் நல்ல வார்த்தை. அதை நினைவில் வைத்துக்கொண்டு இன்றைய நிலைமைக்குத் திரும்பி வருவோம்.

* * *

படிகள் அதிகமாக அதிகமாக, ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே நின்றுகொண்டு சண்டையிடுவதற்கு இடமும் அதிகமாகிறது. செல்போனின் டிஸ்பிளேயே இதற்குச் சாட்சி.

2022-இல் செல்போன் டிஸ்பிளேக்குத் தீர்வை நூற்றுக்குப் பத்தாக இருந்தது. வேறு பல உறுப்புகளுக்குப் பதினைந்தாக இருந்தது. தொழிற்சாலைகளில் டிஸ்பிளே தனியாக வருவதில்லை. பின்புறம் ஓர் உலோகச் சட்டத்தில் பதித்து வரும். அந்தச் சட்டத்திலேயே சிம் தட்டு, ஆன்டென்னா பின், ஸ்பீக்கர் வலை, பவர் பொத்தான் போன்ற பொடிச் சாமான்களும் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. இப்போது கேள்வி: வந்திருப்பது டிஸ்பிளேயா, டிஸ்பிளேயும் வேறு சில உறுப்புகளும் சேர்ந்த கலவையா?

2022 ஆகஸ்டு 18-ஆம் தேதி மத்திய மறைமுக வரி போர்டு ஒரு சுற்றறிக்கையில் விடை சொன்னது. டிஸ்பிளேயோடு பின்புறத் தாங்குசட்டம் மட்டும் ஒட்டியிருந்தால் பத்து. அந்தச் சட்டம் தனியாக வந்தால் பதினைந்து. சிம் தட்டோ, ஆன்டென்னா பின்னோ, பொத்தானோ ஒட்டியிருந்தால் முழுவதற்கும் பதினைந்து. அதாவது, நகக்கண்ணில் வைத்தால் தெரியாத ஓர் ஆன்டென்னா பின், தன் விலைக்கு மட்டுமன்றி, செல்போனிலேயே விலையுயர்ந்த உறுப்புகளில் ஒன்றாகிய டிஸ்பிளே முழுவதற்கும் நூற்றுக்கு ஐந்து தீர்வையை ஏற்றிவிட்டது! ஊசியின் காதில் ஒட்டகம் நுழையாது என்பார்கள். இங்கே ஊசியே ஒட்டகத்தை இழுத்துக்கொண்டு போயிற்று.

உத்தியோகஸ்தர்கள்மேல் இதில் முழுக் குற்றமும் சுமத்துவது நியாயமாகாது. இன்று பின்னைக் கவனிக்காமல் விட்டால், நாளை சிம் தட்டு, மறுநாள் ஸ்பீக்கர், அப்புறம் பாதி டெலிபோனே "டிஸ்பிளே" என்ற பெயரில் வந்து இறங்கும். எங்கேயாவது ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும். என் வருத்தமெல்லாம், கோடு கிழிப்பதற்கு முன்பே வந்து இறங்கிவிட்ட சரக்குகளைப் பற்றியது.

சுங்கச் சட்டப்படி, இறக்குமதி செய்பவரே தன் பொருளுக்கு வகை சொல்லி, தீர்வையைக் கணக்கிட்டுக் கட்டிவிடுகிறார். குறைவாகக் கட்டினார் என்று இலாகா கருதினால், சாதாரணமாக இரண்டு வருஷத்துக்குள் நோட்டீஸ் கொடுக்கலாம். வேண்டுமென்றே பொய் சொன்னார், உண்மையை மறைத்தார் என்றால் ஐந்து வருஷம் வரையில் பின்னோக்கிச் செல்லலாம். பொய் சொன்னவனுக்கு இது தகும். ஆனால் ஜாபிதாவின் வார்த்தையை ஒரு விதமாகப் பொருள் கொண்டவன் பொய்யனா, அன்றி இலாகாவோடு கருத்து வேறுபட்டவனா? இந்தக் கேள்விக்கு விடை கிடைப்பதற்குள் வட்டியும் அபராதமும் அசலைத் துரத்திக்கொண்டு ஏறிவிடுகின்றன.

2025 ஜனவரியில் வெளியான ஓர் உத்தரவைப் பாருங்கள். டெலிபோன் கோபுரங்களின் உச்சியில், கைக்கருவிகளிலிருந்து வரும் அலைகளை வாங்கியும் அனுப்பியும் கொடுக்கும் "ரிமோட் ரேடியோ ஹெட்" என்ற சாதனம் ஒன்றுண்டு. புகழ்பெற்ற கொரியக் கம்பெனி ஒன்று 2018 முதல் 2021 வரையில் அதைத் தீர்வையில்லாத வகையில் சொல்லி இறக்குமதி செய்தது. "அது அலைகளை வாங்கி அனுப்பும் பூரணமான கருவி, தீர்வை உண்டு" என்றது இலாகா. "அது அந்த வேலையைத் தனியே செய்யக்கூடிய கருவியல்ல" என்றது கம்பெனி. வரியும் அபராதமுமாகக் கம்பெனியிடம் கேட்கப்பட்ட தொகை சுமார் 4,460 கோடி ரூபாய். கம்பெனி அதை எதிர்த்துத் தீர்வை டிரிப்யூனலுக்குச் சென்றது. நியாயம் எந்தப் பக்கம் என்று தீர்மானிப்பது டிரிப்யூனலின் வேலை. நான் அதில் தலையிடவில்லை. ஒரு சாதனத்தின் பெயர் இன்னதென்று நிச்சயமாவதற்குள், அது கோபுர உச்சியில் ஏறி வெயிலிலும் மழையிலும் எத்தனையோ வருஷம் வேலை செய்துவிட்டது என்பதைத்தான் சொல்லுகிறேன்.

வரி வியாஜ்யங்கள் தொழிற்சாலையை என்ன செய்யும் என்பதற்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா தொழிற்சாலை நம் ஜில்லாக்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதைப் பற்றி எழுந்த வழக்கு சுங்க வகைப்பாட்டைச் சேர்ந்ததன்று. வருமான வரியும் விற்பனை வரியும் பற்றியது. ஆனால் வழக்கில் சிக்கிய காரணத்தால், 2014 ஏப்ரலில் அந்தக் கம்பெனி தன் டெலிபோன் வியாபாரத்தை மைக்ரோஸாப்டுக்கு விற்றபோது, இந்தத் தொழிற்சாலையை மட்டும் சேர்த்து விற்க முடியவில்லை. வாங்க ஆளில்லாமல் அதே வருஷம் நவம்பர் முதல் தேதி அது நின்றுபோயிற்று. வழக்கில் யார் ஜயித்தார்கள் என்பது அங்கே வேலை செய்த பெண்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்க முடியுமா?

* * *

பெயர்ச் சண்டை நம் எல்லைக்குள் மாத்திரம் நடப்பதன்று. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் ஏற்பட்ட தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் இந்தியாவும் 1997-இல் சேர்ந்து, அதில் குறிக்கப்பட்ட பொருள்களுக்குத் தீர்வை வாங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டது. மேலே சொன்ன சில்லுக்கும் கெப்பாஸிட்டருக்கும் தீர்வை இல்லாதது அதனால்தான். செல்போனுக்குத் தீர்வை போட்ட பிறகு, ஜப்பானும் ஐரோப்பிய யூனியனும் தைவானும் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் வழக்குத் தொடுத்தன. நாம் 1990-களில் ஒப்புக்கொண்டது அக்காலத்துப் பொருள்களுக்குத்தான். 2007-இல் ஜாபிதாவின் எண்கள் மாறியபோது நம் கடமை தவறுதலாக விரிந்து எழுதப்பட்டுவிட்டது என்று நம் தரப்பில் வாதிக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 17-ஆம் தேதி நடுவர்கள் நமக்கு விரோதமாகவே முடிவு கூறினார்கள். ஜப்பான் வழக்கிலும் ஐரோப்பிய வழக்கிலும் இந்தியா அப்பீல் செய்தது. அப்பீலைக் கேட்கவேண்டிய மன்றமோ, 2019 டிசம்பரில் போதிய அங்கத்தினர் இல்லாமல் முடங்கிப்போனது.

8525 என்று இருந்த ஒரு வஸ்து 8517 என்று பெயர் மாறியதிலிருந்து இவ்வளவு பெரிய சர்வதேச வழக்கு உண்டாகுமென்று அன்று எண்ணை மாற்றி எழுதிய குமாஸ்தா நினைத்திருப்பாரா?

* * *

ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான். சுதேசித் தொழிலைக் காக்கத் தீர்வை வேண்டும் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தீர்வை சுதேசித் தொழிலைக் காக்கவேண்டுமே தவிர, தீர்வையைப் பற்றிய சந்தேகம் அந்தத் தொழிலை அரித்துவிடக்கூடாது. அதற்கு மூன்று காரியங்கள் ஆகவேண்டும்.

முதலாவது, படிகளைக் குறைக்கவேண்டும். இந்த உண்மை சர்க்காருக்கும் விளங்காமலில்லை. 2024 ஜனவரி 30-ஆம் தேதி பாட்டரி மூடி, லென்ஸ், ஆன்டென்னா, சிம் பொருத்தும் குழி, திருகாணி முதலிய செல்போன் உறுப்புகளுக்குத் தீர்வை பதினைந்திலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டது. அதே வருஷம் ஜூலை பட்ஜெட்டில் முழு டெலிபோன், பற்றவைத்த பலகை, சார்ஜர் மூன்றுக்கும் இருபதிலிருந்து பதினைந்தாகக் குறைத்தார்கள். பின்னுக்கும் டிஸ்பிளேக்கும் ஒரே விகிதம் என்றால், பின் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் வேலை யாருக்கும் இல்லை.

இரண்டாவது, சந்தேகத்தை முன்னாலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். பொருளைக் கொண்டுவருவதற்கு முன்பே அதன் வகை என்னவென்று கேட்டுத் தீர்ப்புப் பெறுவதற்கு டில்லியிலும் பம்பாயிலும் 2021 முதல் தனி அதிகாரிகள் இருக்கிறார்கள். கம்பெனிகள் அவர்களிடம் செல்லவேண்டும். அதிகாரிகள் தாமதமின்றிப் பதில் சொல்லவேண்டும். பாடம் நடத்தாமல் பரீட்சை வைக்கும் உபாத்தியாயரை யாரும் நல்லவர் என்று சொல்லமாட்டார்கள். இலாகா வெளியிடும் விளக்கம் வரப்போகும் சரக்குக்கு வழிகாட்டட்டும். யோக்கியமாகப் பொருள் கொண்டு வந்து இறங்கிய பழைய சரக்கின்மேல் அதைக் கொண்டு அபராதம் விதிக்கலாகாது.

மூன்றாவது, இந்தப் பாதுகாப்பு எத்தனை வருஷத்துக்கு என்பதை நாள் குறித்துச் சொல்லவேண்டும். டிஸ்பிளே கண்ணாடி, ஞாபகச் சில்லு, மூளைச் சில்லு ஆகிய விலையுயர்ந்த உறுப்புகள் 2025 வரையிலும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தன. திருகாணியை இங்கே முடுக்குவதோடு திருப்தி அடைந்துவிடக்கூடாது. உறுப்புகளையே இங்கு செய்யவேண்டும் என்பதற்காக 2025 மார்ச்சில் மத்திய சர்க்கார் 22,919 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அது பலிக்கவேண்டும். பலித்தால் தீர்வை வேண்டியதில்லை. பலிக்காவிட்டால் தீர்வை மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? அதன் பாரம் கடைசியில் கடைக்குச் சென்று டெலிபோன் வாங்கும் குடும்பத்தின் தலையில்தான் இறங்கும்.

நம் வீடுகளில் குழந்தை தளர்நடை போடும்போது தச்சரிடம் சொல்லி மூன்று சக்கரம் வைத்த நடைவண்டி ஒன்று செய்து கொடுப்பது வழக்கம். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் முற்றத்துக்குமாக நடக்கும். வீட்டார் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். சில மாதங்களில் வண்டி பரணுக்குப் போய்விடும். பாதுகாப்புத் தீர்வை அந்த நடைவண்டிதான். அதன் சக்கரம் கோணாமல் சுற்றவேண்டும். பிடித்து நடக்கிற குழந்தையை அது தடுக்கி விழச்செய்யக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது ஒரு நாள் பரணுக்குப் போகவேண்டும்.